மேலே நின்ற தண்ணீர்

மார்ச் 14, வியாழன்

முதலில் இன்றைய தவறை எழுதிவிடுகிறேன். பன்னிரண்டு பேட்டரி செல்களில் ஒரே ஒரு செல்லை, ஒரே ஒரு முறை அளந்தேன். எதையும் மூன்று முறை அளக்க வேண்டும் என்பது மாலை வகுப்பின் முதல் நாளிலேயே சொன்ன விதி. முதலாளி பக்கத்தில் நின்று அவசரப்படுத்தினார். அதைக் காரணமாகச் சொல்லக் கூடாது. சின்னத் தவறுதான், ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

இனி நடந்ததை வரிசையாக.

நான் வேலை பார்ப்பது ஒரு குஞ்சு பொரிப்பகத்தில். ஆபீஸில் எனக்கு ஒரு மேசை, ஒரு டெலிபோன். அக்காவுக்கும் அங்கேதான் வேலை. இருட்டறையில் உட்கார்ந்து, முட்டைகளை ஒவ்வொன்றாக விளக்கின் மேல் வைத்து, உள்ளே உயிர் இருக்கிறதா என்று பார்ப்பவள் அவள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று முதலாளியே சொல்வார். மாலை வகுப்பில் என்னைச் சேர்த்துவிட்டதும் அவள்தான். மின்சாரப் பிரிவு, முதலாண்டு. அடுத்த வாரம் தேர்வு.

என் ஆபீஸுக்கும் பேட்டரி அறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். கரண்ட் போனால் முட்டை மெஷின்களின் காற்றாடிகளை ஓட்டுவது அந்த அறையில் உள்ள செல்கள்தாம். மூன்று மணி நேரம் தாங்கும். பொரியும் நாள் நெருங்கிய முட்டைக்குள் குஞ்சு மூச்சு விடும், தானே சூட்டையும் வெளியே தள்ளும். காற்று நின்றால் தன் சூட்டிலேயே அது செத்துப்போகும்.

மதியம் 1.10. சாப்பிட்டு முடித்துப் புத்தகத்தை எடுத்தேன். மின்பகுளி பற்றிய பாடம். பென்சிலால் அடிக்கோடு போட்டுக்கொண்டே பாதிப் பாடத்தைத் தாண்டிவிட்டேன். இந்த வாரம் மதியத்தில் மனம் நன்றாகக் குவிகிறது. திங்கட்கிழமைகூட ஒரு பத்தியைத் தாண்ட முடியவில்லை என்று அக்காவிடம் புலம்பினேன். என் கவனம் வளர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

1.35. கரண்ட் போனது. இந்த வாரம் தினமும் இரண்டு மூன்று தடவை போய் வருவதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் மெஷின்களின் எச்சரிக்கை மணி அடித்தது, சோகை பிடித்த மாதிரி. முற்றத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மச்சான் தலையைத் தூக்கிப் பார்த்தார். மச்சான் என்பவர் எங்கள் சூப்பர்வைசர், முதலாளி மனைவியின் தம்பி. முதலாளி கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு மொத்தப் பொரிப்பகமும் அவர் முதுகுக்குப் பின்னால் அப்படியே சொல்லிப் பழகிவிட்டது. அவர் எழுந்து கை கழுவுவதற்குள் மணி நின்றது. சரியாகிவிட்டது என்று மறுபடி உட்கார்ந்தார். நானும் புத்தகத்துக்குத் திரும்பினேன்.

அந்த மணியும் அதே பேட்டரியில்தான் அடிக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. அது சரியாகி நிற்கவில்லை. அடிக்கத் தெம்பில்லாமல் நின்றது.

2.30. அக்கா மூன்றாம் மெஷினின் கதவைத் திறந்தாள். முகத்தில் அடித்த சூட்டில் இரண்டடி பின்னால் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை பொரிய வேண்டிய முட்டைகள் அவை. சாயங்காலம் வரை இருட்டறையில் அவற்றை விளக்கின் மேல் வைத்து வைத்துப் பார்த்தாள். உயிருள்ளது வலது தட்டுக்கு, இல்லாதது இடது தட்டுக்கு. வைக்கும்போது "இருக்கு", "இல்ல" என்று வாய்க்குள் சொல்வது அவள் வழக்கம். இன்று சொல்லவில்லை. எல்லாம் இடது தட்டுக்கே போயின.

வெளியூர் போயிருந்த முதலாளி நாலு மணிக்கு வந்து பேட்டரி அறையைத் திறந்தார். சாவி அவரிடமும் எலக்ட்ரீஷியனிடமும் மட்டுமே உண்டு. என்னையும் உள்ளே கூப்பிட்டார். செல்கள் இரண்டு வரிசையாக நின்றன, ஒவ்வொன்றிலும் தண்ணீர்மட்டம் மேல் கோடு வரை. சுவரில் பழைய எக்ஸாஸ்ட் ஃபேன். அதன் இறக்கைக்கும் சட்டத்துக்கும் நடுவே சிலந்தி நூல் கட்டியிருந்தது. இங்கே துடைப்பத்தைக் கண்ட நாளே இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

"நீ இதத்தானே படிக்கிறே. பாரு" என்றார் முதலாளி.

சுவரில் மாட்டியிருந்த ஹைட்ரோமீட்டரை எடுத்து, முதல் செல்லின் மூடியைத் திறந்து, மேலாகக் கொஞ்சம் உறிஞ்சினேன். உள்ளே அமிலம் எவ்வளவு கனமோ அவ்வளவு உயரத்தில் மிதவை மிதக்கும். நல்ல நிலையில் 1240 காட்ட வேண்டும். 1050 காட்டியது. வெறும் தண்ணீருக்கு 1000.

"தண்ணி மாதிரி இருக்கு சார்."

"தண்ணி மாதிரியா, தண்ணியா?"

"தண்ணிதான் சார்" என்றேன்.

அந்த ஒரு பதிலில் மற்றதெல்லாம் நடந்துவிட்டது. திங்களன்று எலக்ட்ரீஷியன் வெள்ளைக் கேனோடு வெளியே போனதைப் பார்த்ததாக மச்சான் சொன்னார். அமிலத்தை எடுத்து விற்றுவிட்டுத் தண்ணீரை ஊற்றிவிட்டான் என்று முதலாளி முடிவு கட்டினார்.

எலக்ட்ரீஷியனை எல்லோரும் ஃபியூஸ் அண்ணன் என்போம். எது கெட்டாலும் "மொதல்ல ஃபியூஸப் பாரு" என்பார். அதனால் வந்த பேர். திங்களன்று வந்தபோது, உங்கள் ஃபேன் என் மேசையையே ஆட்டுகிறது என்று நான் குறைப்பட்டதற்கு, "அது ஆடுற வரைக்கும் நமக்கெல்லாம் உசிரு கெட்டி, தங்கச்சி" என்று சிரித்துவிட்டுப் போனவர். இன்று வரவழைத்தார்கள். அவர் கருவிப்பையை முதலாளி பிடுங்கி என் மேசைக்கடியில் தள்ளினார். திங்கட்கிழமை போலீஸில் எழுதிக் கொடுக்கப்போவதாகவும், இந்தத் தெருவில் எந்த ஷெட்டிலும் அவரைச் சேர்க்க விடப்போவதில்லை என்றும், போலீஸ் வரும்வரை பேட்டரி அறையில் யாரும் எதையும் தொடக் கூடாது என்றும் சொன்னார். அதுவரை வாடகை ஜெனரேட்டர்.

ஃபியூஸ் அண்ணன் சத்தம் போடவில்லை. என்னிடம் மட்டும் கேட்டார்.

"எத்தன செல் பாத்தே, தங்கச்சி?"

நான் பதில் சொல்லவில்லை.


மார்ச் 15, வெள்ளி

காலை 6.00. தூக்கம் சரியில்லை. அவர் கேட்டது காதிலேயே நின்றது. எழுந்து பாடத்தை மறுபடி திறந்தேன்.

நேற்று நானே அடிக்கோடு போட்ட வரிகள் இருந்தன. எனக்காக, என் வார்த்தையில் எழுதிப் பார்க்கிறேன். சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை ஏறக்குறையக் கடத்துவதே இல்லை. அதில் அமிலம் கலந்தால் அது அயனிகளாகப் பிரியும். சில அயனிகளுக்கு நேர்மின்சுமை, சிலவற்றுக்கு எதிர்மின்சுமை. தகடுகளுக்கு நடுவே அவை நகர்வதால்தான் பேட்டரிக்குள் மின்சாரம் பாய்கிறது. மின்பகுளி என்பது அதுதான். ஈய பேட்டரியில் இன்னொன்றும் நடக்கிறது. மின்சாரத்தைக் கொடுக்கக் கொடுக்க, அமிலத்தின் சல்பேட் பகுதி போய் ஈயத் தகடுகளில் ஒட்டிக்கொள்கிறது, தண்ணீரும் புதிதாக உண்டாகிறது. அதனால் திரவம் நீர்த்துக்கொண்டே போகும். சார்ஜ் ஏற்றினால் தகட்டில் ஒட்டியது பழையபடி திரவத்துக்கு வந்து அமிலமாகும்.

இதற்குக் கீழே நான் இரண்டு கோடு போட்டிருந்தேன். போட்ட அரை மணிக்குள் கரண்ட் போனது, நாலு மணிக்கு முதலாளி முன்னால் நின்றேன், இதில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. திரவம் நீர்த்திருந்தால் அமிலம் திருடுபோனது என்று அர்த்தமில்லை. பேட்டரி தீர்ந்துபோனது என்றும் அர்த்தம் இருக்கலாம். அமிலம் கேனுக்குள் போனதா, தகட்டுக்குள் போனதா என்று ஒரு தரம் அளந்து சொல்ல முடியாது.

அடுத்த பக்கத்தில், நான் படிக்காத பாதியில், இன்னொரு வரி. புதிதாக ஊற்றிய தண்ணீர் அமிலத்தைவிட லேசானது. சார்ஜ் ஏறும்போது எழும் குமிழ்கள் கலக்கும் வரை அது மேலேயே நிற்கும்.

எல்லாச் செல்லிலும் மட்டம் மேல் கோடு வரை நின்றது என்றால், திங்களன்று ஃபியூஸ் அண்ணன் தண்ணீர் ஊற்றி மட்டத்தைச் சரிசெய்திருக்க வேண்டும். வியாழனன்று நான் மேலாக உறிஞ்சினேன்.

9.15. மச்சானிடம் கேட்டேன்.

"கேன எப்படித் தூக்கிட்டுப் போனாரு?"

"கையிலதான். பின்ன தலையிலயா?"

"ரெண்டு கையிலயா?"

"விரல்ல மாட்டிக்கிட்டு ஆட்டிக்கிட்டே போனாரு. கேட்ல என்னைப் பாத்து அதாலயே டாட்டா காட்டினாரு. ஏன், நீ எப்போ போலீஸுல சேந்தே?"

அதே கேன் நிறைய அமிலத்தைத் தூக்கினால் தோள்பட்டை இறங்கும், அமிலம் தண்ணீரைவிடக் கனம். டாட்டா காட்டிய கேன் காலிக் கேன். தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிவிட்டு வெறும் கேனோடு போயிருக்கிறார். இதை மச்சானிடம் நான் சொல்லவில்லை. இன்னொரு முறை அவசரப்பட்டு எதையும் சொல்வதாக இல்லை.

ஆனால் ஒரு முடிச்சு அவிழவில்லை. தண்ணீர் ஊற்றியபின் மூன்று நாள் சார்ஜ் ஏறியிருந்தால் அது கலந்திருக்கும், பேட்டரியும் தீர்ந்திருக்காது. ஆக, சார்ஜ் ஏறவில்லை. ஏன்?

1.10. புத்தகத்தை எடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே வாடகை ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே வரியை நாலு தடவை படித்தேன். மண்டையில் ஏறவில்லை. எரிச்சலில் புத்தகத்தை மூடும்போதுதான் உறைத்தது.

என் கவனம் வளரவே இல்லை. செவ்வாய், புதன், வியாழன் மூன்று மதியமும் நான் நன்றாகப் படித்ததற்குக் காரணம் நான் அல்ல. சுவர் அதிரவில்லை. பேட்டரி அறை ஃபேன் ஓடவில்லை. சிலந்தி வலை கட்டியது துடைக்காததால் அல்ல, இறக்கை சுற்றாததால். அதைக் கண்ணால் பார்த்தேன், மூன்று நாள் காதாலும் கேட்டேன். இரண்டிலும் எனக்குப் பிடித்த அர்த்தத்தை எடுத்துக்கொண்டேன்.

எழுந்து நடையில் போய்ப் பார்த்தேன். ஃபேனின் சுவிட்ச் பேட்டரி அறைக்கு வெளியே, இருட்டறைக் கதவை ஒட்டி இருக்கிறது. போன மாதம் அடித்த புதுப் பெயிண்டில் சுவரோடு சுவராக இருந்தது. அணைந்திருந்தது. நான் தொடவில்லை.

மாலை 5.45. வகுப்புக்குப் போகவில்லை. ஃபியூஸ் அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டு டேபிள் ஃபேனைக் காய்கறிக் கத்தியால் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் ஸ்க்ரூடிரைவர்கள் என் மேசைக்கடியில் இருக்கின்றன. அவர் மனைவி என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

நின்றுகொண்டே கேட்டேன். ஃபேனுக்கும் சார்ஜருக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

கத்தியைக் கீழே வைத்தார்.

"ஃபேன் ஓடலேன்னா சார்ஜர் ஓடாது. நான்தான் அப்படிக் கட்டி வச்சேன். சார்ஜ் ஏறும்போது பேட்டரி வாயு விடும். மூடின ரூமுல அது சேந்து நின்னா ஒரு பொறி போதும், கூரைய அடுத்த தெருவுல போய்த் தேடணும். எவனாவது மறதியில ஃபேன் போடாம சார்ஜ் போட்டுடக் கூடாதுன்னு ரெண்டையும் ஒரே சுவிட்சுல மாட்டினேன்."

"அத அங்க எழுதி வைக்கலியாண்ணே?"

"செவப்புல கொட்டை எழுத்துல எழுதியிருந்தேன். மேலயே பெயிண்ட அடிச்சுட்டானுங்க. திங்கக்கிழமையே பாத்தேன். அடுத்த தடவ வரும்போது எழுதலாம்னு விட்டுட்டேன்." கத்தியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு கேட்டார். "யாரு அணைச்சது?"

"தெரியலண்ணே."

பொய். அதற்குள் பாதி தெரிந்துவிட்டது. ஃபேன் சத்தம் இல்லாமல் போனால் யாருக்கு லாபம் என்று யோசித்தபடியேதான் வந்திருந்தேன். முதலாளி அந்தப் பக்கமே வருவதில்லை. மச்சான் இடி விழுந்தாலும் தூங்குவார். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது நான் ஒருத்தி. சத்தம் தாங்கவில்லை என்று நான் இரண்டே பேரிடம் சொன்னேன். ஒருவர் எதிரே கத்தியோடு உட்கார்ந்திருந்தார்.


மார்ச் 16, சனி

காலை 6.20. அக்கா குழாயடியில் குடம் நிறையக் காத்திருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று இரவே யோசித்து வைத்தது எதுவும் உதவவில்லை.

"பேட்டரி ரூம் ஃபேன நீ அணைச்சியா?"

"ஆமா. செவ்வாக்கெழம." குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீதானடி சொன்னே, அந்தச் சத்தத்துல ஒரு வரி ஏறலன்னு. பரீட்ச முடியற வரைக்கும் கெடக்கட்டுமேன்னு அணைச்சேன். யாரும் கேக்கல. சும்மா காத்துக்கு ஓடுற ஃபேன்தானே. ஏன், முதலாளி ஏதாச்சும் சொன்னாரா?"

சொன்னேன். ஃபேனோடு சார்ஜரும் நின்றது, தினமும் கரண்ட் போகும்போதெல்லாம் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது, வியாழனன்று மிச்சமில்லாமல் போனது. சொல்லச் சொல்ல அவள் குழாய்த்திட்டில் மெதுவாக உட்கார்ந்தாள். குடம் நிரம்பி வழிந்தது. இருவருமே குழாயை மூடவில்லை.

"அப்ப அந்த முட்டையெல்லாம்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். சாயங்காலம் முழுக்க அவற்றை ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிப் பார்த்தவள் அவள்.

நான் அணைத்ததாகச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அதுதான் நியாயமாகவும் தோன்றியது. சத்தம் என்று சொன்னவளும் நான், தண்ணீர் என்று சொன்னவளும் நான்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். முட்டையைப் பார்க்கிற பார்வை.

"அந்த மனுஷன் பேரு சந்தி சிரிக்குது. நீ அளந்து காட்டப்போற நம்பர வச்சுத்தான் அவரு வெளிய வரணும். அதோட ஒரு பொய்யையும் சேத்து எடுத்துட்டுப் போனே, நாளைக்கு அது வெளுத்தா உன் நம்பர எவன் நம்புவான்?"

"அப்ப நீயே சொல்லிடு."

"நான் சொன்னா தங்கச்சியக் காப்பாத்தத் தலையக் குடுக்கறேன்னு நெனப்பாரு. அந்த ஃபேன் சத்தம் ஆகாதது உனக்குத்தானே, எனக்கில்லையே. நீ சொல்லு. நான் பக்கத்துல நிக்கறேன்."

பிறகு குழாயை மூடினாள்.

8.30. முதலாளியிடம் போய், அறையைத் திறந்து இரண்டு நிமிடம் என்னோடு நிற்க வேண்டும் என்றேன். போலீஸ் வரும்வரை எதையும் தொடக் கூடாது என்றார். நான் அளந்ததில் தவறு இருக்கலாம், அதை வைத்துத்தான் அவர் புகார் எழுதப்போகிறார் என்றேன். என்னையும் அறையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்தார்.

முதல் செல்லில் மேலாக உறிஞ்சினேன். 1050. பிறகு நீளமான கண்ணாடிக் குழாயைத் தகட்டின் ஓரமாக அடிவரை இறக்கி, அங்கிருந்து எடுத்து அளந்தேன். 1130. மூன்று முறையும் அப்படியே. முதலாளியையே படிக்கச் சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"ஒரே செல்லுல ரெண்டு நம்பரா?"

"மேல இருக்கறது திங்கக்கிழமை ஊத்தின தண்ணி சார். இன்னும் கலக்கல. அடியிலயும் அமிலம் கம்மிதான், ஆனா அது எங்கயும் போகல. தகட்டுல இருக்கு. நாளைக்கு வரைக்கும் சார்ஜ் போட விடுங்க. திருடியிருந்தா எவ்வளவு சார்ஜ் போட்டாலும் 1240 வராது. திருடலேன்னா வரும்."

சரி என்று அவர் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நடைக்குப் போய் அந்தச் சுவிட்சைப் போட்டேன். சுவர் அதிர்ந்தது. சிலந்தி நூல் அறுந்தது. சார்ஜரின் முள் எழுந்து நின்றது. முதலாளி ஃபேனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.


மார்ச் 17, ஞாயிறு

இன்று அந்தக் குஞ்சுகள் பொரிந்திருக்க வேண்டிய நாள். பொரியும் நாளில் ஆபீஸ் வரை கேட்கும் கீச்சொலி இன்று இல்லை.

11.00. பேட்டரி அறையில் ஐந்து பேர். முதலாளி, மச்சான், அக்கா, நான், ஃபியூஸ் அண்ணன். அவரை வரச்சொல்லி நான்தான் காலையில் போய்க் கேட்டுக்கொண்டேன். வாசலிலேயே நின்றார், உள்ளே கால் வைக்கவில்லை. செல்களில் குமிழ்கள் எழுந்துகொண்டிருந்தன.

பன்னிரண்டு செல்களையும் அளந்தேன். ஒவ்வொன்றையும் மூன்று முறை. மச்சான் உரக்கப் படித்தார். பாதிக்குமேல் அலுத்துப்போய், "இது என்ன, காய்ச்சலா பாக்கறே?" என்றார். நான் அடுத்த செல்லின் மூடியைத் திறந்தேன். பதினொன்று 1235-க்கும் 1240-க்கும் நடுவில். ஒன்பதாவது மட்டும் 1220-இல் நின்றது. அந்தச் செல் போன வருடத்திலிருந்தே கொஞ்சம் சோம்பேறி என்று வாசலில் இருந்து ஃபியூஸ் அண்ணன் சொன்னார். அன்று அவர் பேசிய முதல் வார்த்தை.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பேச்சாகச் சொல்லத் தெரியாததால் வரிசையாகச் சொன்னேன். அமிலம் ஒரு சொட்டும் வெளியே போகவில்லை, தகட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டது. கேன் காலியாகப் போனதற்கு மச்சானே சாட்சி. நான் வியாழனன்று அளந்தது மேலே நின்ற தண்ணீரை. தண்ணீர்தான் என்று அடித்துச் சொன்னது என் தவறு. ஃபியூஸ் அண்ணன் மேல் எந்தக் குற்றமும் இல்லை. ஃபேன் நின்றதால் சார்ஜர் நின்றது, சார்ஜர் நின்றதால் பேட்டரி தீர்ந்தது. செவ்வாயிலிருந்து ஃபேன் ஓடவில்லை என்பதற்குச் சிலந்தி வலை ஒரு அத்தாட்சி, என் புத்தகத்தில் போட்ட அடிக்கோடுகள் இன்னொன்று. அந்த ஃபேன் ஓடும்போது என்னால் ஒரு பக்கமும் படிக்க முடியாது.

முதலாளி கேட்டார்.

"அப்ப ஃபேன நீ அணைச்சியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. நாக்கு நுனி வரை வந்தது. அக்கா என் முழங்கையைத் தொட்டாள், லேசாக, முட்டையைத் திருப்புகிற மாதிரி.

"இல்ல சார். அக்கா அணைச்சா. நான் சத்தம் தாங்கலன்னு சொன்னதுக்காக அணைச்சா. ஃபேனோட சார்ஜரும் நிக்கும்னு அவளுக்குத் தெரியாது."

முதலாளி அக்கா பக்கம் திரும்பினார்.

"நெஜமா?" என்று அக்காவிடம் கேட்டார்.

"நெஜம்தாங்க."

சுவிட்சுக்கு மேல் எழுத்து அழிந்ததைப் பார்த்தும் எழுதாமல் விட்டது தன் தப்பு என்றார் ஃபியூஸ் அண்ணன். பெயிண்ட் அடிக்கச் சொன்னது யார் என்று அவர் கேட்கவில்லை. முதலாளியின் பார்வை ஒரு கணம் சுவருக்குப் போய் வந்தது. மச்சான் தன் செருப்பைப் பார்த்தார். மணி நின்றபோது போய்ப் பார்க்காமல் இருந்தவர்கள் நாங்கள் இருவர் என்பதை அவர் சொல்வாரோ என்று பார்த்தேன். சொல்லவில்லை. நான் சொன்னேன். சொன்னதால் எதுவும் மாறவில்லை.

போலீஸுக்கு எழுதிய தாளை முதலாளி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தெருவிலுள்ள ஷெட்டுகளுக்கெல்லாம் தானே போன் செய்து சொல்லிவிடுவதாக ஃபியூஸ் அண்ணனிடம் சொன்னார். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை, ஆனால் குரல் இறங்கியிருந்தது. பிறகு அக்காவிடம், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். என்னிடம், "நீ வா" என்றார்.

அக்கா இருட்டறைக்குப் போய் விளக்கை அணைத்து, கண்ணாடியைத் துடைத்து, தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். நான் மேசைக்கடியிலிருந்து கருவிப்பையை இழுத்து எடுத்து ஃபியூஸ் அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பையைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் இருந்தது.

"மன்னிச்சிடுங்கண்ணே."

"அன்னிக்கி நான் கேட்டதுக்கு நீ பதில் சொல்லவே இல்ல."

"ஒரு செல். ஒரு தடவ."

தலையாட்டினார். தங்கச்சி என்று கூப்பிடவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்.

மாலை 6.00. வீட்டில் அக்கா என் புத்தகத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடிக்கோடு போட்ட பக்கங்கள் செவ்வாயில் எங்கே ஆரம்பிக்கின்றன, வியாழனில் எங்கே முடிகின்றன என்று கேட்டாள். காட்டினேன். அந்த இடைவெளியை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, "இதுல கேள்வி வந்தா எழுதிடுவியா?" என்றாள். எழுதிவிடுவேன் என்றேன். வேலையைப் பற்றி நாங்கள் பேசவில்லை. நான் தொடங்கினால் அவள் எழுந்து ஏதாவது எடுக்கப் போய்விடுகிறாள்.

நான் சொன்னது உண்மை. சரியாகத்தான் அளந்தேன். ஆனாலும் நெஞ்சில் எதுவும் லேசாகவில்லை.

நாளைய வேலை: எட்டு மணிக்குப் பன்னிரண்டு செல்களையும் அளப்பது, ஒவ்வொன்றையும் மூன்று முறை. சுவிட்சுக்கு மேல் சிவப்பில் எழுதுவது. மதியம், ஃபேன் ஓடும்போதே, அடுத்த பாடத்தைப் படிப்பது.